சலானைப் படிக்கக் கற்போம்

(இளமறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். மின்கட்டணம், தேர்வுக் கட்டணம், பேருந்து முன்பதிவு ஆகிய யாவும் கைபேசியின் வழியே நடைபெறுகின்றன. சாலை விதியை மீறியதற்கான அபராதமும் இப்பொழுது அவ்வழியே வருகிறது. அவ்வழியே செலுத்தவும் படுகிறது. முன்பெல்லாம் காவலர் வண்டியை மறித்து, செய்த தவற்றைச் சொல்லி, ரசீது எழுதிக் கொடுப்பார். இன்று மறிப்பவர் இல்லாமலேயே அபராதம் விழுகிறது. சாலையோரக் கம்பத்திலுள்ள கேமரா படம் எடுக்கிறது; சில நாள் கழித்து வீட்டிலிருப்பவரின் கைபேசி ஒலிக்கிறது.

இந்த அபராதத்தை இணையத்தில் பார்ப்பது எப்படி, செலுத்துவது எப்படி, தவறாக வந்தால் மறுப்பது எப்படி என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் சட்டம் படித்தவள் அல்லள், கணிதம் படிப்பவள். ஆயினும், எங்கள் வீட்டுக்கு ஒரே வாரத்தில் வந்த இரண்டு சலான்கள் இதனை எனக்குக் கற்பித்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தாலும் அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அப்பொறுப்பை நிறைவேற்றும்போது நான் எங்கே தலைகுனிந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்த செய்தி

என் தந்தை கீரை வியாபாரி. விடியுமுன்னே தோட்டங்களுக்குச் சென்று கீரை எடுத்து, பழைய மொபெட்டின் பின்னால் சாக்கில் கட்டி, தெருத் தெருவாக விற்று வருவார். ஒரு கட்டுக் கீரையில் அவருக்கு நிற்பது ஐந்து ரூபாய்.

ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து திரும்பியபோது மொபெட் திண்ணையோரம் சாக்குப் போர்த்தியபடி நின்றது. மூன்று நாள்களாக அப்பா அதை எடுக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்து நடந்தே விற்றிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏனுங்கப்பா வண்டிய எடுக்கல?” என்று கேட்டேன்.

“வண்டி மேல கேசு இருக்குதாம் கண்ணு. எடுத்தா ரோட்டுலயே புடுங்கிக்குவாங்களாம்” என்றார்.

அவருடைய சிறிய கைபேசியில் இரண்டு ஆங்கிலக் குறுஞ்செய்திகள் வந்திருந்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா, அவற்றை டவுனில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர், “இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுங்கள், எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா தன் தோட்டைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். மறுநாள் அது அடகுக் கடைக்குப் போக வேண்டியது.

“எங்கிட்ட ஏங்ப்பா சொல்லல?” என்றேன். “உனக்குப் பரிட்சை நேரமில்ல” என்றார்.

செய்திகளைப் படித்தேன். இரண்டிலும் எங்கள் வண்டியின் எண் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சலான் எண்ணும், 1000 ரூபாய் என்ற தொகையும் இருந்தன. வண்டியைப் பறிமுதல் செய்வோம் என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. எனினும் இரண்டாயிரம் ரூபாய் என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் நானூறு கட்டுக் கீரை. கட்டுவதற்கு முன்னால், எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அன்றிரவே அதைத் தேடத் தொடங்கினேன்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் சாலைப் போக்குவரத்துக்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இது 2019ஆம் ஆண்டில் பெரிய அளவில் திருத்தப்பட்டது. திருத்தத்தின் முக்கியப் பிரிவுகள் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அபராதத் தொகைகள் பன்மடங்கு உயர்ந்தன. தமிழ்நாட்டில் இவ்வுயர்வு 2022 அக்டோபர் மாதத்தில் செயலுக்கு வந்தது. அதுவரை நூறு ரூபாயாக இருந்த தலைக்கவச அபராதம் ஆயிரம் ரூபாயாயிற்று.

நம்மைப் போன்ற இருசக்கர வாகனக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய சில பிரிவுகளை மட்டும் இங்கே தருகிறேன்.

தலைக்கவசம் அணியாமை 194-டி பிரிவின்கீழ் வருகிறது. அபராதம் 1000 ரூபாய். இதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் சட்டம் இடந்தருகிறது. பின்னால் அமர்ந்திருப்பவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். ‘மொபெட்தானே’ என்னும் சமாதானம் சட்டத்தின் முன் செல்லாது.

ஒரு வண்டியில் மூவர் செல்வது 194-சி பிரிவு, 1000 ரூபாய். ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டுவது 181ஆம் பிரிவு, 5000 ரூபாய். காப்பீடு இல்லாமல் ஓட்டுவது 196ஆம் பிரிவு. முதல் முறை 2000, மறுமுறை 4000 ரூபாய். 18 வயது நிரம்பாதவர் ஓட்டினால் 199-ஏ பிரிவு பெற்றோர் மீதோ வண்டியின் உரிமையாளர் மீதோ பாய்கிறது. 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. தம்பிக்கு வண்டியைக் கொடுக்கும் அண்ணன்மார் இதனை நினைவில் கொள்க.

அபராதம் அரசின் வருவாய்க்காகவே என்று பலர் குறை கூறுவர். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 137 பேர். நம் கல்லூரியின் இரண்டு வகுப்பறைகள் நாள்தோறும் காலியாகின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

இ-சலான் என்பது யாது?

சலான் என்பது இன்ன வண்டி, இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன விதியை மீறியது என்று கூறும் அறிவிப்பு. அது கணிப்பொறி வழியே உருவாகும்போது இ-சலான் எனப்படுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக இம்முறையை உருவாக்கியது தேசியத் தகவலியல் மையம்.

இம்முறை இரண்டு பெரிய பதிவேடுகளோடு இணைந்து இயங்குகிறது. ஒன்று, வண்டிகளின் பதிவு விவரங்களைக் கொண்ட ‘வாஹன்’. மற்றொன்று, ஓட்டுநர் உரிம விவரங்களைக் கொண்ட ‘சாரதி’. காவலர் தம் கையிலுள்ள கருவியில் வண்டி எண்ணைப் பதிந்தாலும் சரி, கேமரா அதனைப் படித்தாலும் சரி, வாஹன் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் பெயரும் கைபேசி எண்ணும் கிடைத்துவிடுகின்றன. குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கே செல்கிறது. எனவே அபராதம் முதலில் தேடிவருவது ஓட்டியவரை அன்று. யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரையே.

கேமராவால் எழுதப்படும் சலானுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 167-ஏ என்னும் தனி விதியை வகுத்தது. கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் இருத்தல் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கேமரா இருக்கும் பகுதியில் எச்சரிக்கைப் பலகை வைத்தல் வேண்டும். விதிமீறலும் எண்பலகையும் தெரியும் படமும், நாளும் நேரமும் இடமும் அறிவிப்பில் இடம்பெறுதல் வேண்டும். நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பை அனுப்புதல் வேண்டும் என்று அவ்விதி கூறிற்று.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. படத்தைக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டென்றால், படத்தைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. இந்த உரிமையைப் பயன்படுத்தாமலேயே பலரும் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். அல்லது பயந்து வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வைக்கின்றனர்.

பார்க்கும் முறை

இ-சலானைப் பார்ப்பதற்கான அரசுத் தளம் ‘இ-சலான் டாட் பரிவாஹன் டாட் கவ் டாட் இன்’ என்பதாகும். இம்முகவரியை நாமே தட்டச்சு செய்து செல்வதே பாதுகாப்பு. இதற்குக் கட்டணம் இல்லை.

அங்கே சலான் நிலையைப் பார்க்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வழிகள் தரப்படும். சலான் எண்ணைக் கொண்டு பார்க்கலாம். வண்டி எண்ணைக் கொண்டு பார்க்கலாம். ஓட்டுநர் உரிம எண்ணைக் கொண்டும் பார்க்கலாம். வண்டி எண்ணைக் கொண்டு பார்ப்பதானால் சேசிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். வழியில் போகிறவர் எல்லாம் நம் வண்டியின் விவரத்தைப் பார்த்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. இவ்வெண்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளன. எங்கள் ஆர்.சி. புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால், ரேஷன் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் இருந்தது. அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

திரையில் தோன்றும் எழுத்துகளைப் பார்த்து நிரப்பினால் வண்டியின் மீதுள்ள சலான்கள் வரிசையாகத் தோன்றும். சலான் எண், நாள், தொகை ஆகியவற்றோடு அதன் நிலையும் தெரியும். நிலுவையில் உள்ளதா, செலுத்தப்பட்டுவிட்டதா, நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்பதை இதனால் அறியலாம். சலானைத் திறந்தால் எந்தப் பிரிவின்கீழ் வழக்கு என்பதும், எந்த இடம் என்பதும், இணைக்கப்பட்ட படமும் காணலாம்.

சலானைத் திறந்ததும் ஐந்து செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். வண்டி எண் நம்முடையதா? படத்திலுள்ள வண்டி நம்முடையதா? அந்த நாளில், அந்த நேரத்தில் வண்டி அங்கே சென்றதா? சொல்லப்பட்ட குற்றம் படத்தில் தெரிகிறதா? தொகை அந்தப் பிரிவுக்கு உரியதா? ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் மட்டுமே பணத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

படத்தில் இருந்தவர்

அன்றிரவு எட்டு மணியளவில் அப்பாவை அருகில் உட்காரவைத்து முதல் சலானைத் திறந்தேன். பிரிவு 194-டி. தலைக்கவசம் இல்லை. நேரம் காலை 9.25. படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எங்கள் மொபெட்தான். பின்னால் கீரைச் சாக்குக் கட்டும் கயிறு தொங்குவதுகூடத் தெரிந்தது. ஓட்டியவர் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார்.

அது நான்.

அன்று எனக்கு அகமதிப்பீட்டுத் தேர்வு. பேருந்தைத் தவறவிட்டேன். வியாபாரம் முடித்து அப்பா அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு ஓட்டுநர் உரிமம் உண்டு. தலைக்கவசமும் வீட்டில் ஆணியில் தொங்கிற்று. “அதப் போட்டுக்க சாமி” என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. சீவிய தலை கலைந்துவிடும் என்று அதை எடுக்கவில்லை. நான் செய்த தவற்றுக்காகத்தான் அவர் மூன்று நாள் தலையில் கூடை சுமந்தார். சலான் வண்டியின் உரிமையாளர் பெயரில் வருகிறது என்று மேலே எழுதினேனே, அதன் பொருள் அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

அப்பா படத்தைச் சற்று நேரம் பார்த்தார். “இது நீதான கண்ணு?” என்றார். “ஆமாங்ப்பா” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. “சரி, அடுத்ததப் பாரு” என்றார்.

இரண்டாவது சலான் 194-சி. மூவர் பயணம். இடம், எங்கள் ஊரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஒரு நகரம். எங்கள் மொபெட் அந்த நகரத்தின் எல்லையைக்கூடப் பார்த்ததில்லை. சலானில் இருந்த நாள் செவ்வாய்க்கிழமை. அன்று அப்பா எங்கள் ஊர்ச் சந்தையில் இருந்தார். படத்தில் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர், மூன்று இளைஞர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் எண்ணில் 3 இருக்கும் இடத்தில் அந்த வண்டியின் பலகையில் 8 இருந்தது.

அப்பா தெளிவாகச் சொன்னார்: “மொதல்ல வந்தது நம்ம தப்பு. கட்டிரலாம். ரெண்டாவது நம்முளுது இல்ல. அதுக்கு ஒத்தப் பைசா குடுக்கக் கூடாது. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்.”

படிக்கத் தெரியாமல் மூன்று நாள் பயந்திருந்த மனிதர், படித்துக் காட்டிய அரை மணி நேரத்தில் நீதிபதியைப் போலத் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு அறிவு குறைவில்லை. செய்திதான் அவருக்குத் தெரியாத மொழியில் வந்திருந்தது.

எண் தவறுவது எப்படி?

3 எப்படி 8 ஆகியது, 8 எப்படி 3 ஆகியது என்பது கணித மாணவியாகிய என்னைச் சிந்திக்க வைத்தது. எண்பலகையைப் படிக்கும் கேமரா முதலில் படத்தில் பலகை எங்கே உள்ளது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் எந்த எழுத்தை அல்லது இலக்கத்தை ஒத்திருக்கிறது என்று முடிவு செய்கிறது. பலகையில் சேறு படிந்திருந்தாலும், வண்டி விரைந்து சென்றாலும், வெளிச்சம் குறைந்தாலும் ஒன்று மற்றொன்றாகத் தோன்றக்கூடும். 3, 8 போன்றவையும், ஆங்கில ‘ஓ’ எழுத்தும் சுழியும் போன்றவையும் எளிதில் மயங்குபவை.

நிகழ்தகவைக் கொண்டு இதனை ஆராய்வோம். நம் வண்டி எண்ணில் பெரும்பாலும் பத்து எழுத்துகளும் இலக்கங்களும் உள்ளன. ஒரு கருவி ஒவ்வோர் எழுத்தையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிக நல்ல கருவியாகத் தோன்றும். ஆனால் பத்தும் சரியாக அமைவதற்கான நிகழ்தகவு 0.99 என்பதைப் பத்து முறை பெருக்கினால் வருவது. அஃது ஏறத்தாழ 0.904. அதாவது ஆயிரம் வண்டிகளில் ஏறக்குறைய 96 வண்டிகளின் எண் எங்கேனும் ஓரிடத்தில் பிழைபடும். கருவி ஆயிரத்துக்கு 999 முறை சரியாகப் படித்தாலும் பெருக்குத்தொகை 0.990தான், ஆயிரம் வண்டிகளில் பத்துப் பிழை.

(ஓர் எழுத்தில் நேரும் பிழை மற்றோர் எழுத்தைச் சாராது என்று கொண்டே இக்கணக்கைச் செய்துள்ளேன்.)

இவற்றில் பெரும்பகுதி மனிதர் சரிபார்க்கும்போது நீங்கிவிடும். பதிவேட்டில் இல்லாத எண்ணாக இருந்தாலும் நீங்கிவிடும். ஆனால் பிழைபட்ட எண் வேறொருவரின் உண்மையான எண்ணாக அமைந்து, சரிபார்ப்பவரும் சோர்ந்திருந்தால், அது ஒரு கீரை வியாபாரியின் வீட்டுக் கதவைத் தட்டும். 2019 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் விற்கப்படும் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண்பலகை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒரே வகை எழுத்து, ஒரே அளவு என்பதால் கருவிக்குப் படிப்பது எளிதாகிறது. பூ வேலைப்பாடுள்ள எழுத்தில் எண் எழுதும் நம் நண்பர்கள், அதனால் பாதிக்கப்படுபவர் வேறொருவராக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலுத்தும் முறை

அபராதம் நம்முடையதுதான் என்று உறுதியானால் செலுத்துவது மிக எளிது. சலானுக்கு எதிரேயுள்ள செலுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். நாம் தரும் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் பதிந்தபின் பணம் செலுத்தும் பக்கம் திறக்கும். வங்கி அட்டை, இணைய வங்கி முதலிய வழிகள் அங்கே காட்டப்படும். பணம் சென்றதும் பரிமாற்ற எண்ணோடு ரசீது வரும். அதனைச் சேமித்து, ஒரு படி எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்வது நலம்.

சில வேளைகளில் வங்கியில் பணம் குறைந்துவிடும். ஆனால் சலான் நிலுவை என்றே காட்டும். உடனே மறுபடி செலுத்திவிடக் கூடாது. நிலுவையிலுள்ள பரிமாற்றத்தைச் சரிபார்க்க அத்தளத்திலேயே தனிப் பகுதி உண்டு. அதனைப் பார்த்து, சிறிது பொறுத்து முடிவு செய்ய வேண்டும்.

இப்படி நீதிமன்றத்துக்குப் போகாமல் செலுத்தித் தீர்த்துக்கொள்ள வழிசெய்வது சட்டத்தின் 200ஆம் பிரிவு. எல்லாக் குற்றங்களும் இவ்வாறு தீர்பவை அல்ல. சில நீதிமன்றத்துக்கே செல்லும். செலுத்திவிட்டால் அந்த வழக்கு அதோடு முடிகிறது. எனவே செலுத்துதல் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு நிகராகும். ‘தொல்லை விட்டது’ என்று பிறர் செய்த குற்றத்துக்குப் பணம் கட்டினால், அக்குற்றத்தை நாம் செய்ததாகவே பதிவு நிற்கும்.

என் கணக்கில் அப்பொழுது இருந்தது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. நானும் அதில் பயன்பெறுபவள். அந்த மாதத் தொகை முழுதும் அபராதத்துக்கே போயிற்று. அந்த மாதம் வாங்க எண்ணியிருந்த இயற்கணித நூலை நூலகத்திலேயே படித்துக்கொண்டேன்.

மறுக்கும் முறை

தவறான சலானை மறுப்பதற்கு முதல் வழி, இ-சலான் தளத்திலுள்ள குறைதீர்ப்புப் பகுதி. சலான் எண்ணையும் நம் விளக்கத்தையும் பதிந்து, சான்றுகளை இணைக்கலாம். நான் மூன்று சான்றுகளை இணைத்தேன்: எங்கள் வண்டியின் எண்பலகை தெரியும் படம், மொபெட் என்று வகை குறிக்கப்பட்ட ஆர்.சி. பக்கம், சலானிலுள்ள ஸ்கூட்டரின் படம். விளக்கத்தை நான்கே வரிகளில் எழுதினேன். கோபச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. “எண்ணின் ஓரிலக்கம் மாறியுள்ளது; வண்டியின் வகையும் வேறு; ஆகவே நீக்க வேண்டுகிறேன்” என்பதே அதன் சாரம். சலான் எழுதிய காவல் பிரிவை ஆவணங்களோடு நேரில் அணுகுவதும் பயன்தரும்.

இரண்டாவது வழி நீதிமன்றம். குறித்த காலத்துக்குள் தீராத சலான்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகின்றன. இதற்கென்றே மெய்நிகர் நீதிமன்றங்கள் ஏற்பட்டுள்ளன. 2019 ஜூலையில் டெல்லியில் முதலில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கு இம்முறை பரவியது. அங்கே தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொண்டு வழக்கைத் தேடலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையைச் செலுத்தலாம்; அல்லது வழக்கை எதிர்த்து நடத்த விரும்புவதாகத் தெரிவிக்கலாம். எதிர்ப்பதாகத் தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குச் செல்லும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. சில வாரம் கழித்துத் தளத்தைப் பார்த்தபோது எங்கள் வண்டி எண்ணின்கீழ் அந்த இரண்டாவது சலான் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்” என்றார், ஆனால் அந்தச் சில வாரமும் நாள்தோறும் “பாத்தியா கண்ணு?” என்று கேட்டவர் அவர்தான்.

மறுத்துவிட்டோம் என்று அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. சலான் நிலுவையில் இருந்தால் வண்டியின் பெயர் மாற்றம் முதலிய பணிகள் தடைபட நேரும். அறிவிப்பிலுள்ள கெடுவைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குள் செயலாற்ற வேண்டும்.

பழைய வண்டியை விற்பவர்களும் விழிப்பாக இருத்தல் வேண்டும். சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்னதற்குப் படிவம் 29, பின்னதற்குப் படிவம் 30. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணிக்கொண்டால் விற்பனை முடிந்தது என்று நினைப்பவரின் வீட்டுக்குத்தான் வாங்கியவர் செய்த தவறுகள் எல்லாம் வந்து சேரும்.

போலிச் செய்திகள்

மக்களின் அச்சத்தை முதலாக்கிப் பிழைப்பவர்களும் பெருகிவிட்டனர். “உங்கள் வண்டிக்கு அபராதம், இதனை அழுத்துக” என்று வாட்ஸப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். அழுத்தினால் ஒரு செயலி கைபேசியில் புகுந்து, நமக்கு வரும் ஓ.டி.பி. செய்திகளைத் திருடிக்கொள்ளும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உண்டு.

இவற்றை இனங்காண்பது கடினமன்று. அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். சலானைப் பார்க்க எந்தச் செயலியையும் கோப்பாக அனுப்பி நிறுவச் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் வந்தால் செய்தியிலுள்ள இணைப்பை விடுத்து, முகவரியை நாமே தட்டச்சு செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஏமாந்துவிட்டால் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இணையவழி அபராத முறை சட்டத்தையும் சான்றையும் நம் கைக்கே கொண்டுவந்து சேர்த்துள்ளது என்பது புலனாகும். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. யாருக்கும் கையூட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்பயன்கள் எல்லாம் படிக்கத் தெரிந்தவர்க்கே உரியனவாக இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்க்கு அதே குறுஞ்செய்தி, தோட்டைக் கழற்ற வைக்கும் அச்சமாக மாறுகிறது.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் என்னைப் போல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் தெருவில் நாம்தான் படித்தவர்கள். ஆகவே நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர்களுக்குச் செல்லும்போது மரம் நடுவதோடும் சாலை பெருக்குவதோடும் நிறுத்திக்கொள்ளாமல், ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒரு மேசை, ஒரு கைபேசி, ஆர்.சி. புத்தகத்தோடு வரும் மக்கள், அவ்வளவே தேவை. சலானைத் திறந்து, படத்தைக் காட்டி, தமிழில் படித்துச் சொல்வோம். ‘கட்டு’ என்றோ ‘கட்டாதே’ என்றோ நாம் சொல்ல வேண்டியதில்லை. உண்மை தெரிந்தபின் அதனை அவர்களே சரியாக முடிவு செய்வார்கள். என் தந்தை செய்தார்.

அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகவில்லை. மொபெட் மறுநாள் விடியுமுன்னே கீரைக்குப் புறப்பட்டது. நான் இப்பொழுது அந்த வண்டியை எடுக்கும்போது தலைக்கவசம் அணிந்துகொள்கிறேன். கல்லூரிக்கு வந்தபின் தலையைச் சீவிக்கொள்ள ஒரு சீப்புப் போதும்.